ஆள் இல்லாத அறையின் விளக்கு

பகலில் சிவக்கொழுந்து பதிவாளர். சாயங்காலம் ஆனால் மாணவர்.

அதே பல்கலைக்கழகத்தில் மெய்யியல் துறைப் பேராசிரியர் ஜெபக்கனியிடம் அவர் பகுதி நேர ஆய்வாளராகச் சேர்ந்திருந்தார். அவருக்கு ஐம்பத்தேழு வயது. ஜெபக்கனிக்கு நாற்பத்து மூன்று. பகலில் அந்த அம்மாளுக்கு லீவு வேண்டுமென்றால் இவர் கையெழுத்துப் போட வேண்டும். சாயங்காலம் அந்த அம்மாள் அறைக்குள் நுழைந்தால் இவர் எழுந்து நிற்க வேண்டும். இரண்டையும் குறையில்லாமல் செய்தார். ஊழியர்கள் முதுகுக்குப் பின்னால் சிரித்தது அவருக்கும் தெரியும். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்.

அவருடைய ஆய்வு கருதலளவை பற்றியது. மலையில் புகையைப் பார்க்கிறோம். அங்கே நெருப்பு இருக்கிறது என்று முடிவு கட்டுகிறோம். அப்படி முடிவு கட்டுவது எப்போது சரி, எப்போது தப்பு என்று அந்தக் காலத்து ஆசிரியர்கள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். இவரும் தன் பங்குக்கு உடைத்துக்கொண்டு, ஒரு கட்டுத் தாள் எழுதி வைத்திருந்தார்.

ஒரு சாயங்காலம் அந்தக் கட்டு இல்லாமல் வெறுங்கையோடு வந்து உட்கார்ந்தார். முகம் தொங்கிப் போயிருந்தது.

"என்ன சார், உடம்புக்கு ஏதாவதா?" என்றார் ஜெபக்கனி.

"உடம்புக்கு ஒண்ணும் இல்ல மேடம். மாலை நேரக் கல்லூரியை மூடப்போறாங்க."

ஜெபக்கனி பேனாவைக் கீழே வைத்தார்.

மாலை நேரக் கல்லூரி என்பது வளாகத்தின் கிழக்குக் கோடியில் இருக்கும் ஒரு மாடிக் கட்டடம். பஸ் கண்டக்டர், நர்ஸ், நகைக்கடை சேல்ஸ்மேன் என்று பகலெல்லாம் உழைத்தவர்கள் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் வந்து பட்டப்படிப்பு படிக்கிற இடம். சிவக்கொழுந்தும் அங்கே படித்தவர்தான். அப்போது ஜவுளிக்கடையில் துணி மடித்துக்கொண்டிருந்தார். கடைசி பெஞ்சில் தூங்கி விழுந்தே பி.ஏ. முடித்தார், அதை வைத்து இங்கேயே கிளார்க்காக நுழைந்தார், படிப்படியாக ஏறிப் பதிவாளர் நாற்காலி வரைக்கும் வந்துவிட்டார். அந்தக் கட்டடத்துக்குப் பூட்டுப் போடுவதை அவரால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

"கரண்ட் பில் தாங்கலையாம் மேடம். செமஸ்டர் முடியறதுக்குள்ள பில் குறையணும். குறையலைன்னா சாயங்காலம் லைட் எரியற கட்டடத்தை முதல்ல மூடுவோம்னு வி.சி. சொல்லிட்டார். குறைக்கிற வேலை யாருக்கு? எனக்கு."

"என்ன செஞ்சீங்க?"

"என்ன செய்யலைன்னு கேளுங்க. பழைய பல்பையெல்லாம் மாத்தியாச்சு. சுவிட்ச் இருக்கிற இடமெல்லாம் ஸ்டிக்கர் ஒட்டியாச்சு. சுற்றறிக்கை விட்டாச்சு. கேன்டீன்ல பேப்பர் கப்பை ஒழிச்சு, கண்ணாடி டம்ளர் வாங்கி, அதுக்கு மூடியும் வாங்கிக் கொடுத்தாச்சு. எல்லாரையும் நிறுத்தி வச்சு உறுதிமொழி எடுத்தாச்சு. நெஞ்சுல கை வச்சு எடுத்தாங்க மேடம்!"

"அப்புறம்?"

"பில் அசையவே இல்ல. கேன்டீன்ல குப்பை குறைஞ்சுது. ஆனா சாயங்காலம் ஆனா கேன்டீன்காரன் பக்கெட் பக்கெட்டா ஆறிப்போன டீயைக் கொட்டுறான்."

சொல்லச் சொல்ல அவருக்குக் குரல் ஏறியது.

"ஒவ்வொரு ரூமா எட்டிப் பார்த்தேன். ஃபேன் சுத்துது, லைட் எரியுது. மேஜை மேல ஒரு டம்ளர் டீ, மூடி போட்டு, ஒரு வாய்கூடக் குடிக்காம. பக்கத்துல ஒரு பழைய மூக்குக்கண்ணாடியைக் கழட்டி வச்சிருக்கான். ஆளை மட்டும் காணோம். எல்லாம் படிச்சவங்க மேடம்! இவங்க வீட்டுல இப்படிப் போட்டுட்டு வருவாங்களா? பொண்டாட்டி சும்மா விடுவாளா? இந்த ஜனங்க மனசை எப்படித்தான் மாத்துறது?"

ஜெபக்கனி அவருக்கு ஒரு வேலை கொடுத்தார்.

"நாளைக்கு ஒரு நாள், நீங்க ரூமை விட்டு எப்ப வெளியே போனாலும் லைட்டையும் ஃபேனையும் அணைச்சிட்டுப் போங்க. டீ வாங்கினா குடிச்சு முடிச்சு டம்ளரைத் திருப்பி அனுப்பிடுங்க. நாற்காலியில தொங்குற உங்க கோட்டையும் கையோட எடுத்துக்குங்க."

"நானா?"

"நீங்கதான்."

"நான் போனா உடனே திரும்பி வந்துருவேனே மேடம்."

"எல்லாரும் திரும்பி வர்றவங்கதானே சார்."

பதிவாளருக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. இருந்தாலும் குரு சொன்னால் சொன்னதுதான்.

மறுநாள் காலையில் தேர்வு அறைகளைப் பார்வையிடக் கிளம்பினார். விளக்கை அணைத்தார், விசிறியை நிறுத்தினார். வருஷக்கணக்காக நாற்காலி முதுகில் தொங்கிக்கொண்டிருந்த கருப்புக் கோட்டை உதறிப் போட்டுக்கொண்டு, அந்த வெயிலில் வேர்த்து விறுவிறுத்து நடந்தார்.

முதல் தேர்வு அறையைத் தாண்டுவதற்குள் போன் வந்தது. கணக்குப் பிரிவிலிருந்து.

"சார், நெஞ்சு வலியாமே? எந்த ஆஸ்பத்திரியில இருக்கீங்க?"

"யாருய்யா சொன்னது? நான் நல்லாத்தான் இருக்கேன்."

"உங்க ரூம் இருட்டா இருக்குன்னு சொன்னாங்க சார்."

அடுத்த போன் துணைப் பதிவாளர் அருள்வளனுடையது. அவர் குரலில் அழுகையும் சந்தோஷமும் கலந்திருந்தன. "சார், உங்களை மாத்திட்டாங்கன்னு எல்லாரும் பேசிக்கிறாங்க. ஒருத்தர் எனக்குப் பழம்கூட வாங்கிட்டு வந்துட்டார். நான் தொடலை சார், சத்தியமா தொடலை."

மூன்றாவதாகத் துணைவேந்தரே கூப்பிட்டார்.

"என்னய்யா, ரெண்டு தடவை உங்க ரூம் பக்கமா வந்தேன். இருட்டிக் கிடக்கு. எங்கே தொலைஞ்சு போனீங்க?"

"தேர்வு அறையில இருக்கேன் சார்."

"அப்ப லைட்டைப் போட்டுட்டுப் போக வேண்டியதுதானே?"

பில்லைக் குறைக்கச் சொன்ன அதே வாய்! சிவக்கொழுந்து போனை வைத்தார். விடுவிடு என்று திரும்பி வந்தார். விளக்கைப் போட்டார், விசிறியைப் போட்டார், கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டினார். டீ சொல்லி, மூடியோடு மேஜை மேல் வைக்கச் சொன்னார். அப்புறம்தான் தேர்வு அறைக்குத் திரும்பிப் போனார். அதற்குப் பிறகு ஒரு போனும் வரவில்லை.

சாயங்காலம் ஜெபக்கனியின் அறைக்கு வரும்போது கோபமாகவே வந்தார்.

"மானம் போச்சு மேடம். ஒரே காலையில என்னைச் சாகடிச்சு, மாத்தல் போட்டு, என் நாற்காலிக்கு ஆளும் பார்த்துட்டாங்க."

நடந்ததையெல்லாம் சொன்னார். பழக் கதையைக் கேட்டதும் ஜெபக்கனிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பதிவாளர் முறைத்தார். அவர் முறைத்ததில் சிரிப்பு இன்னும் அதிகமாயிற்று.

சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "வி.சி.க்கு எதுக்குக் கோபம் வந்துச்சு?"

"ரூம் இருட்டா இருந்துச்சு. நான் வரலைன்னு நினைச்சிட்டார்."

"லைட் எரிஞ்சிருந்தா?"

"இருக்கேன்னு நினைச்சிருப்பார்."

"இருந்திருப்பீங்களா?"

"இல்ல. தேர்வு அறையிலதானே இருந்தேன்."

"சரி. தினமும் காலையில ஸ்கூட்டர்ல வளாகத்தை ஒரு சுத்து வர்றீங்களே, அது எதுக்கு சார்?"

"யாரு வந்திருக்கா, யாரு வரலைன்னு பார்க்கத்தான்." அதில் அவருக்குப் பெருமைதான். அந்தச் சுற்று ஆரம்பித்த பிறகு பேராசிரியர்கள் ஒழுங்காக வருகிறார்கள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"வண்டியை விட்டு இறங்கி உள்ளே போவீங்களா?"

"எங்கே மேடம் நேரம்? ரோட்டுல இருந்தே ஜன்னலைப் பார்த்தா..."



தாவரவியல் பேராசிரியர் பால்துரை நினைவுக்கு வந்தார். போன வருஷம் ஒரு காலையில் பால்துரையின் ஜன்னல் இருட்டாக இருந்தது. வரவில்லை என்று சிவக்கொழுந்து மெமோ கொடுத்தார். மனுஷன் அன்றைக்கு விளக்கை அணைத்துவிட்டு, பின்னால் நாற்றங்காலில் முழங்கால் சேற்றில் நின்றுகொண்டிருந்தார். சேற்றுக் காலோடு ஆபீசுக்கு வந்து நின்று சொல்லியும் பார்த்தார். கொடுத்த மெமோ கொடுத்ததுதான் என்று இவர் அனுப்பிவிட்டார். அன்றிலிருந்து பால்துரை அறை விளக்கு அணைந்ததே இல்லை. பால்துரைக்கு நடந்ததைப் பார்த்த யார் அறை விளக்கும் அணையவில்லை.

சிவக்கொழுந்துக்குக் காது மடல் வரைக்கும் சுட்டது. வெட்கமாக இருந்தது.

"அப்ப சாயங்காலக் காலேஜை மூடப்போறது நான்தானா மேடம்?"

"கொசு வருது. அந்த ஜன்னலைச் சாத்திட்டு வாங்க சார்" என்றார் ஜெபக்கனி.

அன்றிரவு அவருக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. விடிந்ததும் நேரே துணைவேந்தரிடம் போனார்.

"இனிமே நான் ரூம்ல இல்லைன்னா ரூம் இருட்டாத்தான் சார் இருக்கும். தேடினா ஒரு போன் போடுங்க, ஓடி வர்றேன். காலையில ஸ்கூட்டர்ல சுத்துறதையும் இன்னையோட நிறுத்திட்டேன்."

"அப்ப எவன் வந்தான், எவன் வரலைன்னு உமக்கு எப்படித் தெரியும்?"

பதிவாளர் கையை விரித்தார்.

"உம்ம இஷ்டம். செமஸ்டர் முடியும்போது பில் குறையலைன்னா காலேஜும் போகும், உம்ம நாற்காலியும் போகும்."

"சரி சார்" என்றார் சிவக்கொழுந்து. 

அங்கிருந்து நாற்றங்காலுக்கு நடந்தார். செடி மேல் குனிந்திருந்த பால்துரை நிமிர்ந்து பார்த்தார்.

"பால்துரை, அந்த மெமோ கொடுத்தது என் தப்பு. அதை நான் ரத்து செஞ்சுட்டேன். நீங்க இங்கே இருந்தீங்கன்னு சொன்னப்பவே கேட்டிருக்கணும். மன்னிச்சிடுங்க. ரூம்ல இல்லாதப்ப லைட்டை அணைச்சிடுங்க, யாரும் ஒண்ணும் கேட்க மாட்டாங்க."

பால்துரை கையிலிருந்த மண்ணைத் தட்டினார். "இதுல வேற ஏதாவது இருக்கா சார்?"

"வேற ஒண்ணும் இல்லைய்யா."

பால்துரை நம்பவில்லை. ஒரு வாரம் விளக்கை எரியவிட்டே வைத்திருந்தார். பதிவாளர் அறை இருட்டாக இருப்பதைப் போக வரப் பார்த்தார். அந்த மனுஷன் தலை இன்னும் உடம்பில்தான் இருக்கிறது என்று உறுதியான பிறகு ஒரு நாள் மெல்லத் தன் விளக்கையும் அணைத்தார். பால்துரைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்ததும் பக்கத்து அறைக்காரர் அணைத்தார். அப்புறம் மாடி, அப்புறம் எதிர்க் கட்டடம். கேன்டீனில் மூடி போட்ட டீ கேட்பது நின்றது. டீ வேண்டியவர்கள் கேன்டீனுக்கே வந்து குடித்தார்கள். கொட்டுகிற பக்கெட்டைக் கேன்டீன்காரர் தரை துடைக்க எடுத்துக்கொண்டார்.

செமஸ்டர் முடிவதற்குள் வந்த பில்லைத் துணைவேந்தர் கண்ணாடியைப் போட்டு ஒரு தடவையும் கழற்றி ஒரு தடவையும் பார்த்தார். நன்றாகவே குறைந்திருந்தது.

"சரிய்யா. உம்ம காலேஜ் நடக்கட்டும்" என்றார்.

அதை ஜெபக்கனியிடம் சொல்லும்போது சிவக்கொழுந்துக்குக் கண் கலங்கிவிட்டது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஜெபக்கனிக்கும் சந்தோஷம்தான். எழுந்து போய், முன்பு சாத்தச் சொன்ன ஜன்னலை அவரே திறந்தார். கிழக்குக் கோடியில் மாலை நேரக் கல்லூரியின் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. காக்கிச் சட்டையோடு இரண்டு கண்டக்டர்கள் அவசர அவசரமாகப் படியேறிக்கொண்டிருந்தார்கள்.

ஆனாலும் சிவக்கொழுந்து கிளம்பவில்லை. நாற்காலியில் நெளிந்தார்.

"என்ன சார்?"

"ஒண்ணு கேட்கணும் மேடம். எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது. ஆனா காலையில வந்து நிமிர்ந்து பார்த்தா பாதி ஜன்னல் இருட்டா இருக்கு. யாரு வந்திருக்கா, யாரு வரலை, எவன் எங்கே இருக்கான், ஒண்ணும் தெரிய மாட்டேங்குது. கண்ணைக் கட்டிக் காட்டுல விட்ட மாதிரி இருக்கு."

ஜெபக்கனி ஜன்னலிலிருந்து திரும்பினார்.

"முன்னாடி தெரிஞ்சுதா சார்?"