பாடி எர்த்

"செய்தி வாசிச்சா கணீர்னு கேக்குது, வாத்தியாரே. பாட்டு வந்தா சத்தம் இறங்கிப்போகுது."

சவரிநாதன் கடை வாசலில் நின்றே சொன்னார். அவருக்குப் பின்னால் அந்தப் பழைய மோரிஸ் மைனர் நின்றது.

ஜமால் வாத்தியார் நிமிர்ந்து பார்க்கவில்லை. யாருடைய டிரான்சிஸ்டரையோ பிரித்துப் போட்டு அதற்குள் தலையை விட்டிருந்தார்.

வாத்தியார் தன் சீடரான சவரிநாதனைவிட ஆறு வயது இளையவர். வேலை பார்த்த மில்லை இழுத்து மூடியபோது சவரிநாதன் நாற்பதைத் தாண்டியிருந்தார். பேகம்பூரில் இருந்த இந்த ரேடியோ கடைக்கு வந்து, வேலை கற்றுக்கொடுங்கள் என்று கேட்டார். கற்றுக்கொடுத்ததால் இவர் வாத்தியார். மூத்தவர் என்பதால் அவர் அண்ணன். இருவருக்கும் இதில் ஒரு குழப்பமும் வந்ததில்லை, பார்க்கிறவர்களுக்குத்தான் தலை சுற்றும்.

சவரிநாதன் சும்மா வந்து நிற்கவில்லை. தனக்குத் தெரிந்ததை எல்லாம் செய்து பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

வால்வுகளை மாற்றியாயிற்று. கண்டன்சர், ஸ்பீக்கர், ஏரியல் எல்லாம் மாற்றியாயிற்று. பாட்டு நடுவே பார்த்தால் வால்யூம் நாப் இறங்கியிருந்தது. வண்டி அதிர்வில் நழுவுகிறது போல என்று அதையும் புதிதாகப் போட்டார். மேசையில் வைத்துப் போட்டால் ரேடியோ தெருமுனை வரை கேட்டது. காரில் மாட்டி ஓட்டினால் மட்டும், பாட்டு வந்ததும் குரல் கம்மிப்போனது.

"எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். சாயங்காலம் ஒரு மணி நேரம் அது ஒழுங்கா பாடினா போதும்" என்றார்.

வாத்தியாருக்குக் காரணம் தெரியும். மனைவி ஜெசிந்தா போன பிறகு சாயங்காலங்களில் சவரிநாதனால் வீட்டில் இருக்க முடியவில்லை. பிள்ளைகள் இல்லாத வீடு. விளக்கைப் போட்டாலும் இருட்டு, போடாவிட்டாலும் இருட்டு. காரை எடுத்துக்கொண்டு கிளம்புவார். பழனி ரோட்டில் கொஞ்ச தூரம் போய்த் திரும்புவார். முப்பது வருஷமாக அவளோடு போன தூரம் அது. அந்தக் காரிலும் பாட்டு கேட்கவில்லை என்றால் அதுவும் இன்னொரு வீடுதான். பிறகு போக்கிடமே இல்லை.

வாத்தியார் டிரான்சிஸ்டரைக் கீழே வைத்தார். வெளியே வந்து காரை ஒரு சுற்று சுற்றினார். ரேடியோவைத் தொடவில்லை.

"பாடி பாத்தீங்களாண்ணே?" என்றார்.

சவரிநாதன் தலையில் அடித்துக்கொண்டார். ரேடியோவுக்குப் போகிற கரண்ட் திரும்பி வருவது காரின் தகரம் வழியாகத்தான். அதைத்தான் பாடி எர்த் என்பார்கள். தகரத்தில் துரு ஏறினால் சத்தம் படுத்துவிடும். இந்தக் கடையில் அவர் கற்ற முதல் பாடமே அதுதான். சோகத்தில் புத்தி மழுங்கிவிட்டது என்று தன்னையே திட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

போனவர் காரைப் பிரித்துப்போட்டார்.

போல்ட் ஒவ்வொன்றையும் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, தகரம் வெள்ளையாகப் பளபளக்கும் வரை விடவில்லை. புது எர்த் ஒயர் இழுத்தார். இடது சீட்டைத் தூக்கியபோது அடியில் புளிப்பு மிட்டாய்க் காகிதங்கள் கிடந்தன. வாயில் மிட்டாய் இல்லாமல் ஜெசிந்தா வண்டியில் ஏறியதில்லை, தொண்டை காய்ந்துபோகும் என்பாள். அவர் அந்தக் காகிதங்களைப் பொறுக்கி எடுத்தார். பிறகு இருந்த இடத்திலேயே வைத்து, மேலே சீட்டை மாட்டினார்.

மாலையில் ஓட்டிப் பார்த்தார். செய்தி கணீரென்று வந்தது. பாட்டு வந்தது, சத்தம் இறங்கிவிட்டது.

மறுநாளே வாத்தியாரிடம் போனார்.

"பழையபடிதான் இருக்கு."

வாத்தியார் அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். நகக்கண்ணில் அப்பியிருந்த துருவைப் பார்த்தார்.

"பாடி பாத்தீங்களாண்ணே?"

தேய்த்து முடித்துவிட்டேன் என்று சொல்லத்தான் சவரிநாதன் வாயைத் திறந்தார். ஆனால் அந்தக் கேள்வி இந்த முறை வேறு இடத்தில் போய்க் குத்தியது.

ஜெசிந்தா என்று பெயர் சொல்லித்தான் அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தார். விடிவதற்குள் ஒருவன் வந்து, பாடியை எப்போது எடுக்கிறீர்கள் என்று கேட்டான். அவன் மேல் குற்றமில்லை, தினமும் கேட்கிறவன். ஆனால் அந்த ஒரு வார்த்தையில் சவரிநாதனுக்கு எல்லாம் அறுந்துபோனது. எடுப்பது பாடி என்றால் அதில் தனக்கு என்ன வேலை என்று நினைத்துவிட்டார்.

கோயில் வாசலில் பெட்டியை மூடுவதற்கு முன் ஊரே வரிசையில் நின்று முகம் பார்த்தது. அவர் மட்டும் காருக்குள் உட்கார்ந்திருந்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டிருந்தார். வந்து கண்ணாடியைத் தட்டியவர் இதே ஜமால் வாத்தியார்தான். சவரிநாதன் கண்ணாடியை இறக்கவில்லை. ஆணி அடிக்கிற சத்தம் கண்ணாடியையும் தாண்டி உள்ளே வந்தது.

"பாக்கலை" என்றார் சவரிநாதன். "உங்களுக்குத் தெரியாதா? நீங்கதானே வந்து தட்டினீங்க. இதைக் கேக்கத்தான் என்னை அலைய விட்டீங்களா?"

வாத்தியார் பேச்சில் என்றைக்குமே சிக்கனம்தான். ஆனால் அன்றைக்கு அந்தச் சிக்கனம் சவரிநாதனுக்குக் கொடுமையாக இருந்தது. காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நெடுநாள் அந்தத் தெருப்பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

ரேடியோவும் சரியாகவில்லை, அவரும் சரியாகவில்லை. கண்ணை மூடினால் பார்க்காத முகம் வந்து நின்றது. பார்த்த முகமெல்லாம் மறந்துபோய், பார்க்காத அந்த ஒன்றுதான் மிஞ்சியது போல இருந்தது. சாயங்காலம் காரை எடுப்பதையும் நிறுத்திவிட்டார். நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்து இருட்டுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

மழைக்காலம் முடிந்த பிறகு ஒரு மதியம் மோரிஸ் மைனர் மறுபடியும் கடை வாசலில் வந்து நின்றது. சவரிநாதன் இளைத்துப் பாதியாகியிருந்தார்.

"ரேடியோவைக் கழட்டிக்கோங்க, வாத்தியாரே. வண்டியை எடைக்குப் போடப்போறேன்."

"வண்டி ஓடுதே அண்ணே."

"ஓடி எங்க போறது?"

வாத்தியார் கடையின் ஷட்டரை இழுத்து விட்டார். சட்டையை மாட்டிக்கொண்டார்.

"எடைக்கடை வரைக்கும் நானும் வர்றேன். அங்க வச்சுக் கழட்டிக்கலாம்."

முன்னால் இடது சீட் காலியாகத்தான் இருந்தது. வாத்தியார் அதைப் பார்த்தார். பின்கதவைத் திறந்து பின்னால் ஏறி உட்கார்ந்தார்.

"அதையும் போட்டு விடுங்கண்ணே. கடைசியா ஒருக்கா கேப்போம்."

சவரிநாதன் ரேடியோவைப் போட்டு, நாப்பை முழுசாகத் திருகிவிட்டார். வால்வு சூடாகக் கொஞ்சம் நேரமானது. பிறகு யாரோ வெங்காய விலை நிலவரம் வாசித்தார்கள். காருக்குள் காது அடைத்தது.

ரயில்வே கேட் மூடியிருந்தது. சவரிநாதன் எஞ்சினை அணைத்தார். முன்னால் ஒரு மாட்டு வண்டி, பின்னால் ஒரு பஸ். ரயிலைக் காணோம்.

விலை நிலவரம் முடிந்தது. பாட்டு ஆரம்பித்தது.

சத்தம் இறங்கியது.

"கேட்டீங்களா?" என்றார் சவரிநாதன், தெருவைப் பார்த்தபடியே. "இப்படித்தான் ஆகுது. வண்டி நிக்குது, அதிர்வும் இல்ல. இதுக்கு என்னதான் வியாதி?"

பின்னாலிருந்து வாத்தியார் கேட்டார்.

"ஏண்ணே குறைச்சீங்க?"

"நான் எங்க குறைச்சேன்?"

சவரிநாதன் குனிந்து பார்த்தார். அவருடைய இடது கை நாப்பின் மேல் இருந்தது. இரண்டு விரல்கள் அதைப் பிடித்துக்கொண்டிருந்தன.

அது வேறு யாருடைய கையோ என்பது போல அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"பாட்டு வந்தா அவ ஆரம்பிச்சிருவா" என்றார். "ரேடியோ அவளை அமுக்கிரும். அதனால நான்..."

விரல்களை நாப்பிலிருந்து எடுத்தார்.

முப்பது வருஷமும் ஜெசிந்தா இதற்காகத்தான் அவரைக் கேலி செய்வாள். ரேடியோக்காரன் பெண்டாட்டிக்கு ஒரு பாட்டை முழுசாகக் கேட்கக் கொடுத்துவைக்கவில்லை என்பாள். சொல்லிவிட்டு, மிட்டாயை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்வாள். வரிக்கு வரி வார்த்தையை மாற்றித்தான் பாடுவாள். அவர் குறைத்துக் குறைத்து, கடைசியில் ரேடியோ இருக்கிறதா என்பதே தெரியாது. கார் மட்டும் நிறைந்திருக்கும்.

இப்போது இடது பக்கம் சீட் இருந்தது. கீழே காகிதங்கள் இருந்தன. ரேடியோவில் எந்தப் பழுதும் இல்லை. இனி கழற்றுவதற்கும் மாற்றுவதற்கும் ஒன்றுமில்லை என்று தெரிந்தபோது சவரிநாதனுக்கு அழுகை வந்தது. கோயில் வாசலில் வராத அழுகை. ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதார்.

பாட்டு தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் பஸ்ஸிலிருந்து இறங்கிய சிலர் கேட்டுக்கு அடியில் குனிந்து தண்டவாளத்தைக் கடந்து போனார்கள்.

அழுகை ஓய்கிற வரை வாத்தியார் காத்திருந்தார். பிறகு கேட்டார்.

"பாடிப் பாத்தீங்களாண்ணே?"

சவரிநாதன் நெற்றியை எடுத்தார். கண்ணாடியில் வாத்தியாரின் முகம் தெரிந்தது. அவர் சிரிக்கவில்லை.

வாழ்நாளில் சவரிநாதன் பாடியது கிடையாது. கோயிலில் எல்லாரும் பாடும்போதும் வாயைத்தான் அசைப்பார். அந்தப் பாட்டுக்குச் சரியான வார்த்தைகளும் அவருக்குத் தெரியாது. அவள் மாற்றிப் பாடிய வார்த்தைகள்தான் தெரியும்.

வாயைத் திறந்தார். முதலில் காற்றுதான் வந்தது. பிறகு துருப்பிடித்தது போல ஒரு குரல், தப்பான வார்த்தையோடு, ரேடியோவுக்குக் கீழே எங்கோ கேட்டும் கேட்காமலும் வந்தது.

முன்சீட்டுகளுக்கு நடுவே பின்னாலிருந்து ஒரு கை நீண்டு வந்து, ரேடியோவைக் குறைத்தது.