கருவேலன் தலையாட்டிய பாட்டு

ஏரிக்கரைக் காட்டில் ஒரு கருவேல மரம். அதில் ஓர் ஓணான் இருந்தது. அதன் பெயர் கருவேலன். பாட்டுக் கட்டுவதில் அதை அடித்துக்கொள்ள அந்தக் காட்டில் ஆளே இல்லை. ஆனால் பாட மட்டும் வராது. வாயைத் திறந்தால் காய்ந்த சருகை மிதித்த மாதிரி ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான்.

அதனால் கருவேலன் கட்டிய பாட்டெல்லாம் அதன் மண்டைக்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்தன. கிளையில் உட்கார்ந்து, தலையை மேலும் கீழும் ஆட்டித் தாளம் போட்டுக்கொண்டு, தனக்குத் தானே கேட்டுக்கொள்ளும். கீழே போகிற முயல்களோ, "பார், நாம என்ன சொன்னாலும் ஆமாங்குது! தங்கமான ஓணான்!" என்று மெச்சிக்கொண்டு போகும்.

அந்தக் கோடையில் கருவேலன் ஒரு புதுப் பாட்டுக் கட்டியது. மழைக்குச் சற்று முன்னால் காற்று நின்று, இலை அசையாமல், காடே மூச்சைப் பிடித்துக்கொள்ளுமே, அந்த நேரத்தைப் பற்றிய பாட்டு. பாட்டின் நடுவில் எட்டு எண்ணும் நேரம் யாரும் வாய் திறக்கக் கூடாது. பிறகுதான் முதல் துளி விழ வேண்டும். அந்த எட்டுக்காகத்தான் மீதிப் பாட்டே!

"இதை ஒரே ஒரு தடவை காதால கேட்டுட்டாப் போதும்" என்று கருவேலன் ஏங்கியது. இரை பிடிக்கப் போனாலும் அதே நினைப்பு. மூக்கின் மேல் எறும்பு ஏறிப் போனதுகூட அதற்குத் தெரியவில்லை. பாவம், அப்படி ஓர் ஏக்கம்!

பக்கத்துப் புங்க மரத்தில் தவிட்டுக்குருவிகள் ஏழு இருந்தன. எங்கே போனாலும் ஏழும் சேர்ந்தே போகும், சேர்ந்தே கத்தும். அந்தக் காட்டின் பாட்டுக்குழு அதுதான். தலைவியின் பெயர் சலம்பி.

கருவேலன் அவற்றிடம் போய்க் கேட்டது. "அக்கா, என் பாட்டை நீங்க பாடணும்!"

"பாடிட்டாப் போச்சு!" என்றது சலம்பி. "மழையை வரவேற்க எல்லாரும் ஏரிக்கரையில கூடுற மழைக்கூட்டம் வருதில்ல? அதிலேயே அரங்கேத்திடலாம்!"

மறுநாளே ஒத்திகை. கருவேலன் தன் சருகுக் குரலிலேயே வரி வரியாகச் சொல்லிக் கொடுத்த மெட்டைக் குருவிகள் கப்பென்று பிடித்துக்கொண்டன. கருவேலனுக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை நாள் உள்ளே இருந்தது வெளியே வருகிறதே!

அந்த எட்டு வந்தது. அங்கே பாடக் கூடாதென்று கருவேலன் தனியாகச் சொல்லவில்லை; மெட்டு நின்றால் குருவிகளும் நின்றுவிடும் என்று நினைத்துத் தலையை ஆட்டி எண்ணத் தொடங்கியது. ஒன்று, இரண்டு...

"கீச் கீச் கீச் கிரீச்!" என்று சலம்பி அந்த இடத்தில் புகுந்துவிட்டது. மற்றவையும் சேர்ந்துகொண்டன. தவிட்டுக்குருவியால் எட்டு எண்ணும் நேரம் சும்மா இருக்க முடியுமா?

"அடியே, பாருங்கடி! தலையாட்டுறாரு!" என்று சலம்பி குதித்தது. "நம்ம கீச்சு அவருக்குப் பிடிச்சுப் போச்சு!"

கருவேலன் தாளத்துக்கல்லவா ஆட்டியது! 'இல்லை' என்று சொல்ல வாயெடுத்தது. உடனே ஒரு பயம் வந்துவிட்டது. சலம்பி கோபித்துக்கொண்டு பறந்துவிட்டால்? இந்தக் காட்டில் வேறு யார் பாடுவார்கள்? நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று வாயை மூடிக்கொண்டது.

நாளைக்கும் சொல்லவில்லை. அதற்கு மறுநாளும் சொல்லவில்லை.

கூட்டத்துக்கு முந்தின நாள், ஏழில் ஒன்றான நீலி தயங்கித் தயங்கி வந்தது. "அண்ணே, எனக்கென்னவோ அந்த இடத்துல யாரும் பாடாம இருந்தாத்தான் நல்லாயிருக்கும்னு தோணுது. நீங்க அப்படித்தானே நினைச்சீங்க?"

கருவேலன் சட்டென்று நீலியின் பக்கம் திரும்பியது. தன் மண்டைக்குள் கேட்பது இன்னொருத்திக்கும் கேட்டிருக்கிறதே!

அதற்குள் சலம்பி மற்ற ஐந்தையும் கூட்டிக்கொண்டு பின்னாலேயே வந்துவிட்டது. "என்னடி புதுசா யோசனை? அண்ணே, நாங்க பாடுற மாதிரியே பாடலாமில்ல?"

ஆறு குருவிகளும் கருவேலனையே பார்த்தன. நீலியும் பார்த்தது.

கருவேலன் தலையை ஆட்டியது. இந்த முறை தாளத்துக்காக இல்லை.

மழைக்கூட்டத்தில் பாட்டு அமர்க்களப்பட்டது. கீச்சு வந்த இடத்தில் முயல்கள் எழுந்து ஆடின. "அந்த இடம்தான் பாட்டுக்கு உயிர்!" என்று நரி சொன்னது. எல்லாரும் கருவேலனைத் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். அது மட்டும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு மரமேறியது. அத்தனை ஆரவாரத்திலும் அது கேட்க நினைத்தது அதன் காதில் விழவே இல்லை.

அதன் பிறகு காடு முழுக்க அதே பாட்டு. குளத்தில் தவளைகள் பாடின, புதரில் கௌதாரிகள் பாடின. எல்லாம் கீச்சோடுதான். ஒருநாள் பொறுக்க முடியாமல் கருவேலன் கத்திவிட்டது. "அங்கே கீச்சு இல்லை! அங்கே யாரும் பாடக் கூடாது!"

சலம்பி விழுந்து விழுந்து சிரித்தது. "நல்லாயிருக்கே கதை! நீங்கதானே அண்ணே தலையாட்டினீங்க! ஏழு பேரும் பார்த்தோமே!"



மழை வந்தது, போனது. ஏரிக்கு அக்கரையிலிருந்து மூன்று மரங்கொத்திகள் வந்து சேர்ந்தன. "உன் பேர் எங்க ஊர் வரைக்கும் வந்துச்சு. எங்களுக்குன்னு புதுசா ஒண்ணு கட்டிக்கொடு!" என்றது அவற்றில் மூத்த கொண்டையன்.

கருவேலன் கட்டிக்கொடுத்தது. முதல் ஒத்திகையிலேயே கொண்டையன் ஓரிடத்தில் அவசரப்பட்டு இரண்டு கொத்து கூடுதலாகக் கொத்தியது. கருவேலன் ஆடப்போன தலையைக் கிளையோடு சேர்த்து அழுத்திக்கொண்டது. "இல்லை!" என்றது. "அந்த ரெண்டும் வேண்டாம்!"

இப்போது கொண்டையன் பறந்துவிடும் என்று கண்ணை மூடிக்கொண்டது.

"அடடா, முதல்லேயே சொல்லக் கூடாதா?" என்றது கொண்டையன். "எங்கே, திரும்பப் பிடிப்போம்!"

இவ்வளவுதானா? இதற்காகவா இத்தனை நாள் பயந்தோம்? கருவேலனுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. புதுப் பாட்டு உள்ளே கேட்டபடியே வெளியேயும் கேட்டது. அந்தத் தைரியத்தில் மழைப் பாட்டின் எட்டு கீச்சாகிப் போன கதையையும் அவற்றிடம் சொல்லிவிட்டது.

"அந்த மழைப் பாட்டையும் சொல்லேன்" என்றது கொண்டையன். "நீ நினைச்ச மாதிரியே பாடிடுவோம். எட்டு என்ன, எண்பதுகூடச் சும்மா இருப்போம்!"

கருவேலன் ஆசையாகக் கண்ணை மூடியது. பாட்டை முதலிலிருந்து மனசுக்குள் ஓடவிட்டது. காற்று நின்றது. இலை அசையவில்லை. அந்த எட்டு வந்தது.

கீச் கீச் கீச் கிரீச்!

மறுபடியும் முதலிலிருந்து ஓடவிட்டுப் பார்த்தது. மறுபடியும் கீச்சுதான். மண்டைக்குள்ளேயும் இப்போது குருவிகள்தான் பாடின.

"என்ன, சொல்லு!" என்றது கொண்டையன்.

"அந்த எட்டு எப்படிக் கேட்கும்னு எனக்கே மறந்துபோச்சு" என்றது கருவேலன்.

மனசு இல்லையென்று சொல்லும்போது தலையை ஆட்டிவைப்பவர், தாம் ஏங்கிய பொருளைத் தம் கையாலேயே தொலைத்துவிடுவார்.