நாற்பத்தொரு முகம்

"டீச்சரம்மா, ஃபிளெக்ஸ் அகலம் நாலடி, உயரம் ஆறடி. அதுக்குள்ள நாப்பத்தொரு மூஞ்சி. இது ஆகுற காரியமா?"

மரியதாஸ் கேட்டபோது பூங்கோதை டீ ஆற்றிக்கொண்டிருந்தாள். அவருக்கு நாற்பத்தாறு வயசு, அவளுக்கு இருபத்தொன்பது. இருபது வருஷம் அச்சகத்தில் மிஷின் ஓட்டியவர், இப்போது சொந்தமாக டிசைன் போட அவளிடம்தான் பாடம் கேட்கிறார். படிக்கிறதுக்கு என்னய்யா வெட்கம்!

"என்ன விசேஷம்ண்ணே?"

"காதுகுத்து. ஒரு பாப்பா, நாப்பது சொந்தம். போன மாசம் வேறொரு வீட்டு ஃபிளெக்ஸ்ல தாய்மாமன் படத்தை விட்டுட்டேன். மனுஷன் சீர்த்தட்டோட திரும்பிப் போயிட்டாரு. இங்கயும் ஒருத்தர் கோவிச்சுக்கிட்டா, இந்த ஊர்ல எனக்கு எவனும் வேலை தர மாட்டான் தாயி."

"ஃபிளெக்ஸைப் பெருசாக்கலாமே?"

"மண்டப வாசல்ல அவ்வளவுதான் இடம்."

அவள் திரையைப் பார்த்தாள். கடுகைக் கொட்டினமாதிரி முகங்கள். பாப்பா எது, பெரியப்பா எது, ஒன்றும் விளங்கவில்லை. அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு அழுகை வந்தது.

"யாரைத் தூக்கிடலாம், சொல்லுங்க தாயி."

"எல்லாரையும்."

"விளையாடாதீங்க தாயி!"

அவள் விளையாடவில்லை. நாற்பது படத்தையும் அழித்தாள்.

மரியதாஸ் பதறி எழுந்தார்.

மிஞ்சிய பாப்பாவை இடது ஓரமாகத் தள்ளிப் பெரிதாக்கினாள். வலது பக்கம் பூ பார்டரைத் தவிர ஒன்றுமில்லை. அதைத் துண்டு துண்டாகத் தாளில் அச்செடுத்துச் சுவரில் ஒட்டினாள்.

"அந்தக் காலி இடத்துல போய் நில்லுங்கண்ணே."

நின்றார்.

"சிரிங்க."

செல்போனில் படம் எடுத்து நீட்டினாள். பாப்பாவுக்குப் பக்கத்தில் மரியதாஸ், தாய்மாமன்கணக்காக, முழுசாக.

அவர் வெகுநேரம் பார்த்தார். செல்போனை வாங்கிக்கொண்டு, ஆறின டீயைக்கூடக் குடிக்காமல், பாப்பா வீட்டுக்கு ஓடினார்.

காதுகுத்து முடிந்த மறுநாள் வந்தார். முகமெல்லாம் பூரிப்பு.

"படம் எடுக்க வாசல்ல வரிசை தாயி! பாப்பாவோட தாய்மாமன் மூணு தரம் நின்னாரு. சொந்தத்துல ஒருத்தர் பாக்கியில்லை. ஆனா ஒரே ஒரு குறை சொல்லிட்டாங்க."

"என்ன குறை?"

"காலி இடம் பத்தலையாம்."