கவிச்சிகரம் எழுந்து நின்ற கதை

வேலூர் வெயிலில் மண்டை பிளக்கும் சித்திரையில்தான் அனல்வாய்க் கவிக்குழு வருஷா வருஷம் கோடைக் கவியரங்கம் நடத்தும். தலைமை எப்போதும் கவிச்சிகரம் ஏகாம்பரம்தான். யார் கவிதை படித்தாலும் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வார்.

கடைசியாக மைக்குக்கு வந்தாள் குமுதவல்லி. தையல்கடையில் வேலை, குழுவுக்குப் புதுசு.

"ஏம்மா, காஜா எடுக்கிறவங்களுக்கு எதுக்குக் கவிதை?" என்று தலைவர் மைக்கிலேயே கேட்டார். "சரி, படி. உன் கவிதையை நான் எழுந்து நின்னு கேட்டா குழுவுல இரு. இல்லேன்னா இன்னையோட கிளம்பு. நான் இதுவரைக்கும் யார் கவிதைக்கும் எழுந்ததில்லை, தெரியும்ல?"

கூட்டம் சிரித்தது. குமுதவல்லியும் சிரித்தாள்.

"சரிங்க ஐயா. நம்ம தலைவருக்கு நானே ஒரு பொன்னாடை தச்சு எடுத்தாந்திருக்கேன்," என்றாள்.

அவள் வாய் மூடவில்லை, கவிச்சிகரம் எழுந்துவிட்டார். வேட்டியைச் சரிசெய்து, கை கூப்பி, கழுத்தை வாகாக வளைத்துக் குனிந்து, போட்டோக்காரர் பக்கம் திரும்பியும் நின்றுவிட்டார்.

பொன்னாடை வரவில்லை.

"எங்கேம்மா?" என்றார், குனிந்தபடியே.

"பைக்குள்ளதான் இருக்குங்க. கவிதை முடிஞ்சதும் போர்த்தறேன்," என்று அவள் படிக்க ஆரம்பித்தாள்.

இத்தனை பேர் பார்க்க வெறுந்தோளோடு எப்படி உட்காருவது? வேர்த்து வடிய, கடைசி வரி வரை நின்றே கேட்டார். அரங்கமே கைதட்டியது.

குமுதவல்லி பொன்னாடையைப் போர்த்திவிட்டுச் சொன்னாள்:

"இப்ப உட்காருங்க ஐயா. அடுத்த கோடைக்கு இன்னும் நீளமா எழுதிட்டு வரேன்."