மச்சான் புடிச்ச கயிறு

ஒரு ஊர்ல ஒரு சங்கு குளிக்கிறவன், கஸ்பார்னு பேரு. 'ம்' கொட்டணும், இல்லேன்னா நிறுத்திடுவேன். கடலுக்கடியில போறவன் இடுப்புல கயிறு கட்டியிருக்கும். மேல தோணியில அதைப் புடிக்கிறது பொண்டாட்டியோட அண்ணன்தான். தங்கச்சி தாலி அறுக்க எந்த அண்ணன் விடுவான், சொல்லு? கஸ்பாருக்குக் கயிறு புடிச்சவன் சூசை, கஸ்பார் பொண்டாட்டி பிலோமிக்கு ஒரே அண்ணன்.

அப்புறம், ஒரு பேய்க்காத்து தோணியைத் தள்ளிக்கிட்டே போயி குளிர்க்கடல்ல விட்டுருச்சு. அடேயப்பா! பல்லு கிடுகிடுகிடு. நங்கூரம் வேற பாறையிடுக்குல மாட்டிக்கிச்சு. அதை எடுத்தாத்தான் வீடு.

பக்கத்து ஓடத்துல ஒரு கிழவி வெறுங்கையால ஐஸ் தண்ணியில வலை அலசிக்கிட்டு இருந்தா. கை செக்கச்செவேல்னு. "கயிறை எங்கிட்ட குடுங்கப்பா. இந்தக் குளிரு உங்க கைக்கு ஆகாது"ன்னா.

"மச்சான் இருக்கையில கயிறு அடுத்தவ கைக்கா? போ ஆத்தா!" கஸ்பார் தொபுக்குன்னு குதிச்சான்.

கயிறு வெடுக்குன்னுச்சு. வெடுக்குன்னா 'தூக்கு'ன்னு அர்த்தம். சூசை சரசரன்னு தூக்கிட்டான். நங்கூரம் அசையலை.

மறுபடி தொபுக்! இப்போ சூசை விரலெல்லாம் வெளுத்துப்போச்சு. வெடுக்குன்னது பிந்தித்தான் தெரிஞ்சுது. கஸ்பார் நீலம் பாரிச்சு வந்தான்.

"போதும் மாப்ள."

"அசைஞ்சிருச்சு மச்சான், இன்னும் ஒரே முங்கு!"

மூணாவது தொபுக். சூசை கயிறை இறுக்கிப் புடிச்சு, கண்ணை மூடி மாதாவைக் கும்பிட்டுக்கிட்டு நின்னான். கயிறு சும்மா கெடக்கு, மாப்ள வேலை பாக்குறான்னு நெனச்சான்.

"ஏய்! கயிறு துள்ளுது!" கிழவி கத்தினா.

சூசை குனிஞ்சு பார்த்தான். ஐயையோ! அவன் கையிலேயே கயிறு வெடுக் வெடுக்னு துள்ளுது. உள்ளங்கை கிழிஞ்சு ரத்தம் சொட்டுது. அவனுக்கு ஒண்ணுமே தெரியலை! இழுக்கப் பார்த்தா, விரலு சொன்ன பேச்சு கேக்கலை.

அப்போ கிழவி தாவி ஏறி கயிறைப் பறிச்சா. சர் சர் சர்! கஸ்பார் கட்டையாட்டம் வந்து விழுந்தான். கம்பளியில சுத்தி நெஞ்சோட அணைச்சுக்கிட்டா. ரொம்ப நேரம் கழிச்சு, 'க்ஹும்'னு இருமினான். "நங்கூரம் வந்துருச்சு"ன்னான்.

சூசை கிழவி கையத் தொட்டான். கதகதன்னு இருக்கு! "இதென்ன கை ஆத்தா?"

"எங்க விரலும் முதல்ல வெளுக்கும்ப்பா. கொஞ்ச நேரத்துல ரத்தம் தானா திரும்பி வரும். போகும், மறுபடி வரும். தலைமுறை தலைமுறையா இந்தத் தண்ணியிலயே கெடக்கோம்ல, உடம்பு பழகிருச்சு."

அப்புறம் ஊர் வந்து சேர்ந்தாங்க. பிலோமி ஓடி வந்தா. "அண்ணே, நீ கயிறு புடிக்கையில எனக்கென்ன பயம்!"

சூசை ஓன்னு அழுதுட்டான். "நான் விட்டுட்டேன் தாயி. உன் தாலியைக் காப்பாத்தினது உன் இன்னொரு அண்ணன்."

"இன்னொரு அண்ணனா? யாரு அது?"

கஸ்பார் சொன்னான், "நரைச்ச தலை, ஒத்தைப் பல்லு. பொம்பளை. அவதான் இனி எனக்கு மூத்த மச்சான்!"

பிலோமி தொறந்த வாயை மூடவேயில்லை. நீ கண்ணை மூடு. கதை கரைக்கு வந்துருச்சு, தூங்கு.