கரிச்சானின் கள்ளக் குரல்

இமயமலைச் சரிவில், பத்தே வீடுகள் கொண்ட ஓர் ஊரை ஒட்டிய காட்டில் கரிச்சான் ஒன்று இருந்தது. எந்தப் பறவையின் குரலையும் அது அப்படியே கூவிக் காட்டும்.

குழந்தைகளே, அந்த ஊருக்குப் பறவை பார்க்க ஆட்கள் வருவார்கள். தொலைநோக்கியும் கையுமாகப் பாறைமேல் சத்தமில்லாமல் காத்திருப்பார்கள். அவர்கள் காண ஏங்கியது சிரிப்பான் என்னும் குருவியை. அதுவோ கூச்சம் மிகுந்தது. முட்புதரை விட்டுத் தலைகாட்டாது.

ஒருநாள் கரிச்சான் சிரிப்பானின் குரலில், "இந்தப் புதர் என்னுடையது!" என்று கூவியது. யாரோ இடம் பிடிக்க வந்துவிட்டதாகப் பதறி, ஆண் சிரிப்பான் சண்டைக்குப் பாய்ந்து வந்தது. பார்த்தவர்கள் மகிழ்ந்துபோய்க் கரிச்சானுக்குப் பிஸ்கட்டை உடைத்துப் போட்டார்கள்.

அன்றுமுதல் கரிச்சானுக்கு அதுவே தொழிலாயிற்று. அது கூவும், சிரிப்பான் ஓடிவரும், எதிரியைக் காணாமல் திரும்பும். உடனே கரிச்சான் மறுபடி கூவும்.

"காலையிலிருந்து பதினோரு முறை ஓடிவிட்டீர்கள். ஒரு புழு கொண்டுவந்தீர்களா? இந்தக் குளிரில் குஞ்சுகளை விட்டு நான் எப்படி எழுவேன்?" என்று பெண் சிரிப்பான் அழுதது.

"வீட்டைப் பறிகொடுத்துவிட்டுப் புழு தேடவா?" என்றது ஆண், மூச்சிரைக்க.

மூன்றாம் நாள், மூன்று குஞ்சுகளில் கடைக்குட்டி பசியால் இறந்தது.

துயரம் தாளாமல் வெளியே வந்த பெண் சிரிப்பான், கரிச்சான் தங்கள் குரலில் கூவுவதைக் கண்ணால் பார்த்தது. அதன் இறகெல்லாம் சிலிர்த்தது.

"பாவி! நீ பிஸ்கட் தின்ன என் பிள்ளை சாகவேண்டுமா?"

"உன் கூட்டைத் தொட்டேனா, குஞ்சைக் கொத்தினேனா? சும்மா கூவினேன். ஓடிவந்தது உன் புருஷன்! நாலு பேர் பார்த்தால் உங்களுக்குப் பெருமைதானே?"

பெண் சிரிப்பான் காடு முழுக்கப் பறந்து நடந்ததைச் சொன்னது. பறவைகள் கொதித்துப்போயின. "நாளை யாரும் வாய் திறக்கக் கூடாது. அவன் எந்தக் குரலில் அழைத்தாலும் போகக் கூடாது" என்று முடிவு செய்தன.

மறுநாள் காடே மௌனமாக இருந்தது. கரிச்சான் மட்டும் சிரிப்பானின் குரலில் கூவியது. யாரும் வரவில்லை; பிஸ்கட்டும் விழவில்லை. ஆத்திரத்தில் இன்னும் உரக்கக் கூவியது.

பசியோடு வட்டமிட்ட வல்லூற்றுக்குக் கேட்டது அந்த ஒரே குரல்தான். "ஆகா, சிரிப்பான்!" என்று அம்பாக இறங்கியது.

வாலிறகு பிய்ந்துபோய், கரிச்சான் முட்புதர் வாயிலில் வந்து விழுந்தது. "அக்கா, உள்ளே விடு! என்னைக் கொன்றுவிடும்!"

பெண் சிரிப்பான் கோபம் ஆறாமலே வழிவிட்டது.

"வா. ஆனால் அந்த மூலையில் உட்காராதே. அது என் கடைசிப் பிள்ளை கிடந்த இடம்."

நீதி: கை படாமல் செய்த தீங்கும் தீங்கே.