வாசலில் நின்ற ஆம்பளைகள்

கோபிச்செட்டிபாளையம் கடைவீதியில் நாச்சிமுத்துவின் பட்டுக்கடைதான் பெரிசு. அதன் வாசலோரம் தள்ளுவண்டியில் டீ விற்றாள் கருப்பாத்தா. பெண்டாட்டியைப் புடவை எடுக்க உள்ளே அனுப்பிவிட்டு, ஆம்பளைகள் அவளிடம் டீ குடித்துக்கொண்டு நிற்பார்கள்.

நாச்சிமுத்துவுக்கு அது கௌரவக் குறைச்சல். "நாளைக்கு என் வாசல்ல ஒரு ஆம்பளைகூட நிக்கக் கூடாது. உன்னால முடியுமா?" என்று எல்லார் முன்னாலும் அதட்டினார்.

"முடியுமுங்க முதலாளி," என்றாள். மறுநாள் வண்டி எதிரில் இருந்த இன்னொரு பட்டுக்கடை வாசலுக்குப் போனது. அந்தக் கடைக்காரர் பெஞ்சே போட்டுக் கொடுத்தார்.

சொன்னபடி நாச்சிமுத்துவின் வாசலில் ஒருத்தரும் நிற்கவில்லை. ஆம்பளைகள் உள்ளேயே வந்து, "சட்டுனு எடு, கிளம்பலாம்" என்று பெண்டாட்டியை விரட்டினார்கள். பிரித்த புடவைகள் அப்படியே கிடந்தன. போகப்போக ஜனமே எதிர்ப்பக்கம் சாய்ந்தது.

முகூர்த்த மாசத்தில் ஈ ஓட்டிய நாச்சிமுத்து, துண்டால் முகத்தைத் துடைப்பதுபோல் மறைத்துக்கொண்டு வீதியைக் கடந்தார்.

"பழைய இடத்துக்கே வந்துரும்மா."

"பொடவை எடுக்க நேரம் வேணுமுங்க. டீயை அவங்களுக்கு வித்தேன், நேரத்தை உங்களுக்குச் சும்மாதான் கொடுத்தேன். நீங்கதான் வேண்டாம்னுட்டீங்க" என்று அவர் கையிலும் ஒரு டீயைக் கொடுத்தாள்.

பெஞ்சில் இருந்த வெளியூர்க்காரர் நகர்ந்து இடம் விட்டார். "உங்க வீட்டம்மாவும் உள்ளதானுங்களா?"

நாச்சிமுத்து உட்கார்ந்தார். தலையைத் தூக்காமலே, "ஆமாங்க" என்றார்.